பூச்சு எந்தப் பக்கமாகச் சாகிறது? பாய்லர் எஃகின் அலுமினியக் காப்புக்கு ஆயுள் கணக்கு

அனல்மின் நிலையத்தில் பல ஆண்டு ஓடிய சூப்பர்ஹீட்டர் (நீராவியை மேலும் சூடேற்றும் பகுதி) டியூப் ஒன்றைக் குறுக்கே அறுத்து, நீராவி ஓடிய உட்பக்கத்தை மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் இரண்டு அடுக்குச் செதில் தெரியும். வெளி அடுக்கு மேக்னடைட் எனும் கரிய இரும்பு ஆக்சைடு. உள் அடுக்கில் இரும்போடு குரோமியமும் கலந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே நேர்கோடு போட்டாற்போல் ஓர் எல்லை. டியூப் புதிதாக இருந்தபோது உலோகத்தின் மேற்பரப்பு எங்கே இருந்ததோ, அந்த இடம்தான் அது. இரும்பு அணுக்கள் வெளியே நடந்து வந்து மேல் அடுக்கைக் கட்டின. ஆக்சிஜன் உள்ளே இறங்கிக் கீழ் அடுக்கைக் கட்டியது.

இந்தச் செதில் இரண்டு விதமாகத் தொல்லை கொடுக்கும். முதலாவது, அது வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. சதுர மீட்டருக்கு 50 கிலோவாட் வெப்பம் பாயும் டியூபில் 0.3 மில்லிமீட்டர் செதில் படிந்திருக்கிறது, அதன் வெப்பக் கடத்துதிறன் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 1.5 வாட் என்று வைத்துக்கொண்டால், உலோகம் முன்பைவிட 10 டிகிரி கூடுதலாகச் சூடாகும். சூடு கூடினால் செதில் இன்னும் வேகமாக வளரும். இரண்டாவது, பாய்லரை நிறுத்திக் குளிரவிடும்போது செதில் உரிந்து விழும். விழுந்த துகள் டியூபின் அடி வளைவில் குவிந்து நீராவியின் வழியை அடைக்கும். மறுபடி ஏற்றும்போது அந்த டியூப் காய்ந்து வெடிக்கும். அடைக்காமல் பறந்து போன துகள் டர்பைன் இலைகளை மணல் அடித்ததுபோல் தேய்க்கும்.

பி91 என்று கடையிலும் பட்டறையிலும் அழைக்கப்படும் எஃகுதான் இங்கே நம் ஆள். 1970களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் வடிவம் பெற்றது. 8 முதல் 9.5 சதவீதம் குரோமியம், ஏறத்தாழ 1 சதவீதம் மாலிப்டினம், சிறிதளவு வனேடியம், நியோபியம், நைட்ரஜன் சேர்ந்தது. திருச்சி பெல் ஆலை கட்டும் பாய்லர்களிலும், கல்பாக்கத்தின் முன்மாதிரி வேக ஈனுலைக்கான நீராவி ஆக்கிகளிலும் இதே குடும்ப எஃகுதான். 600 டிகிரி செல்சியஸ் வரை பாரத்தைத் தாங்குவதில் இதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 650 டிகிரி நீராவியில் 9 சதவீத குரோமியம் போதாது. குரோமியம் முழுமையான காப்புப் படலம் கட்டும் முன்பே இரும்பு ஆக்சைடு முந்திக்கொள்கிறது. பாரம் தாங்கும், ஆனால் துரு தாங்காது என்ற இந்த இடைவெளியை நிரப்பத்தான் பூச்சு.

குரோமியத்தையே மேலே பூசலாமே என்று கேட்கலாம். ஈரப்பதமும் ஆக்சிஜனும் சேர்ந்த சூழலில் குரோமியம் ஆக்சைடு ஆவியாகும் ஹைட்ராக்சைடாக மாறிப் பறந்துவிடுகிறது. அலுமினியம் ஆக்சைடுக்கு, அதாவது அலுமினாவுக்கு, இந்த வெப்பநிலையில் அந்தச் சிக்கல் இல்லை. வளர்ச்சியும் மிக மந்தம். அதனால்தான் ஆய்வுகளில் பெரும்பகுதி அலுமினியப் பூச்சுகளைச் சுற்றியே நடக்கிறது.

பூச்சு என்றால் பெயின்ட் போல ஒட்டிக்கொண்டிருப்பது அல்ல. அலுமினியத் தூள் கலந்த குழம்பை எஃகின் மேல் தெளித்து, உலர்த்தி, 700 டிகிரியில் ஏறத்தாழ 10 மணி நேரம் வைப்பார்கள். அல்லது அலுமினியத் தூள், அலுமினா, அம்மோனியம் குளோரைடு கலந்த பொடிக்குள் டியூபைப் புதைத்துச் சூடேற்றுவார்கள். இரண்டிலும் அலுமினியம் எஃகுக்குள் ஊறி இரும்போடு சேர்மமாகிவிடும். 700 டிகிரியைத் தாண்ட ஏன் தயக்கம் என்றால், பி91ஐ 730 முதல் 800 டிகிரிக்குள் பதப்படுத்தித்தான் அதன் வலிமை வந்திருக்கிறது. அதற்கு மேலே போனால் அந்தப் பதம் கெட்டுவிடும். முழு டியூபையும் 1040 டிகிரிக்கு மேல் ஏற்றி முதலிலிருந்து பதப்படுத்த வேண்டி வரும். பூச்சுக்கு நல்லது 900 டிகிரி, எஃகுக்கு நல்லது 700. எஃகு சொல்வதைத்தான் கேட்டாக வேண்டும்.

குறைந்த வெப்பத்தில் ஊறவைப்பதற்கு ஒரு விலை உண்டு. இரண்டு இரும்பு அணுவுக்கு ஐந்து அலுமினியம் என்ற விகிதத்தில் அமைந்த, கண்ணாடிபோல் உடையும் சேர்மம்தான் கிடைக்கும். இதை இனி இரண்டு–ஐந்து என்றே சொல்வோம். எடையில் 55 சதவீதம் அலுமினியம். சற்று நிதானமான ஒன்றுக்கு ஒன்று சேர்மம் வேண்டுமென்றால் கூடுதல் சூடு வேண்டும்.

கணக்கை எங்கே தொடங்குவது

பூச்சின் ஆயுளை மாதிரியாக்கப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஆக்சைடு வளர்ச்சியிலிருந்து தொடங்குவார்கள். பாடநூல்கள் அப்படித்தான் பழக்கியிருக்கின்றன. கார்ல் வாக்னர் 1933இல் கோட்பாடாக நிறுவிய பரவளைய விதி எல்லோருக்கும் தெரியும். செதிலின் தடிமனின் வர்க்கம் காலத்துக்கு நேர்விகிதம். 1,000 மணியில் 20 மைக்ரான் வளர்ந்தால் 4,000 மணியில் 40, ஒரு லட்சம் மணியில் 200. பூச்சில்லாத எஃகுக்கு இது பயனுள்ள முதல் மதிப்பீடு.

பூச்சுக்கு இதே வழியில் போனால் திசை தவறிவிடும். ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம்.

50 மைக்ரான் தடிமனுள்ள இரண்டு–ஐந்து அடுக்கை எடுத்துக்கொள்வோம். அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 4.2 கிராம். தடிமன், அடர்த்தி, 0.547 என்ற அலுமினியப் பங்கு மூன்றையும் பெருக்கினால் சதுர சென்டிமீட்டருக்கு 11.5 மில்லிகிராம் அலுமினியம் கையிருப்பு. இனி செலவுப் பக்கம். மேலே 2 மைக்ரான் அலுமினா படலம் வளர்ந்துவிட்டது என்றே வைப்போம். அலுமினாவின் அடர்த்தி 3.98, அதில் அலுமினியம் 53 சதவீதம். ஆக, படலம் தின்றது 0.42 மில்லிகிராம். கையிருப்பில் 4 சதவீதம்கூட இல்லை.

மீதி 96 சதவீதம் எங்கே போகிறது? உள்ளே. பூச்சில் அலுமினியம் குவிந்திருக்கிறது, கீழே எஃகில் கிட்டத்தட்ட இல்லை. இந்த ஏற்றத்தாழ்வு இருக்கும்வரை அணுக்கள் கீழ்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். ஏரித் தண்ணீர் வெயிலில் ஆவியாவதை அளந்துகொண்டிருக்க, அடிமடை திறந்து கிடப்பதைப் போன்றது இது. பாய்லர் வெப்பநிலையில் அலுமினியப் பூச்சு பின்பக்கமாகத்தான் சாகிறது. 1,100 டிகிரியை ஒட்டி, ஒவ்வொரு பறப்பிலும் சூடாகிக் குளிரும் விமான எஞ்சின் இலைகளின் பூச்சுக்கு எழுதப்பட்ட மாதிரிகளை அப்படியே இங்கே இறக்கினால் பொருந்தாமல் போவதற்கு இதுவே முதல் காரணம்.

ஒரு வரிச் சூத்திரமும் அது சொல்லும் நான்கு எண்களும்

பூச்சின் தடிமனோடு ஒப்பிட அலுமினியம் வெகு ஆழம் பரவிவிட்ட நிலையில், மேற்பரப்புச் செறிவுக்கு எளிய தீர்வு உண்டு:

மேற்பரப்புச் செறிவு = அலுமினியக் கையிருப்பு ÷ √(3.14 × பரவல் கெழு × காலம்)

பரவல் கெழு என்பது அணுக்கள் எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன என்பதன் அளவு. சூத்திரத்தின்படி செறிவு காலப்போக்கில் இறங்கிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் படலத்தில் கீறல் விழுந்தால் அதை மூடப் போதுமான அலுமினியம் மேலே இருக்காது. அதற்குப் பின் இரும்பு ஆக்சைடு முளைவிடும். அந்தக் கட்டத்தை மாறுநிலைச் செறிவு என்கிறோம். கணக்குக்காக அதை எடையில் 4 சதவீதம், அதாவது கன மீட்டருக்கு 300 கிலோ என்று வைப்போம். 650 டிகிரியில் பரவல் கெழு வினாடிக்கு 10⁻¹⁷ சதுர மீட்டர் என்றும், சூடு ஏறும்போது பரவல் எவ்வளவு வேகமெடுக்கும் என்பதைத் தீர்மானிக்கும் செயலூக்க ஆற்றல் மோலுக்கு 246 கிலோஜூல் என்றும் எடுத்துக்கொள்வோம். ஃபெரிட் இரும்பில் அலுமினியம் நகர்வதற்கு இவை நடைமுறைக்கு ஒத்த எண்கள்.

விடை: 700 டிகிரியில் ஏறத்தாழ 2.5 லட்சம் மணி. 750இல் 57,000 மணி. 800இல் 15,000 மணிக்கும் கொஞ்சம் குறைவு. 650 டிகிரிக்குச் சூத்திரம் 13 லட்சம் மணி என்று பதில் தரும். ஆண்டுக்கு 8,760 மணி. அப்படியென்றால் 148 ஆண்டு. இந்த எண்ணை யாராவது அறிக்கையில் போட்டால் அதை வாங்கிக் கிழித்துவிட வேண்டும். அந்தப் பூச்சு பரவலால் சாவதற்கு வெகு காலம் முன்பே விரிசலாலோ வேறு எதனாலோ செத்திருக்கும் என்பதுதான் அந்த எண்ணின் உண்மையான பொருள். போதாக்குறைக்கு, 650 டிகிரியில் ஒரு லட்சம் மணியில் அலுமினியம் பரவும் நீளம் 60 மைக்ரான்தான். அது பூச்சின் தடிமனுக்கு ஏறக்குறையச் சமம். சூத்திரத்தின் அடிப்படை நிபந்தனையே அங்கே ஆட்டம் காண்கிறது.

துல்லியத்தைவிட இந்த ஒரு வரியின் பெரிய பயன் வேறு. எது எவ்வளவு முக்கியம் என்று அது காட்டிக்கொடுக்கிறது. சூத்திரத்தைத் திருப்பி எழுதினால், ஆயுள் கையிருப்பின் வர்க்கத்துக்கு நேர்விகிதம், மாறுநிலைச் செறிவின் வர்க்கத்துக்குத் தலைகீழ் விகிதம், பரவல் கெழுவுக்கு வெறும் தலைகீழ் விகிதம். பரவல் கெழுவைத் துல்லியமாக்க மாதக்கணக்கில் உழைப்பவர்கள் உண்டு. ஆனால் அது இரண்டு மடங்கு தவறினால் ஆயுளும் இரண்டு மடங்கு தவறும், அவ்வளவே. மாறுநிலைச் செறிவு 4க்குப் பதில் 8 சதவீதம் என்று இருந்துவிட்டால் ஆயுள் கால்வாசியாகிவிடும். 750 டிகிரியில் 57,000 மணி என்றது 14,000 ஆகிவிடும். அந்த எண்ணோ வெப்பநிலைக்கு வெப்பநிலை, உலர்காற்றுக்கும் நீராவிக்கும் மாறக்கூடியது. வேறொருவர் 800 டிகிரி காற்றில் அளந்ததை எடுத்து 700 டிகிரி நீராவிக்குப் போடுவதுதான் நான் அறிந்தவற்றில் அதிக விலை கொடுக்கவைக்கும் குறுக்குவழி.

தடிமனும் அப்படியே. பூச்சுப் பட்டறையில் சராசரி 50 மைக்ரான், திட்ட விலக்கம் 10 மைக்ரான் என்று வைப்போம். இயல்நிலைப் பரவலின்படி இருபதில் ஓர் இடத்தில் தடிமன் 33.5 மைக்ரானுக்கும் கீழே இருக்கும். அங்கே ஆயுள் சராசரியில் 45 சதவீதம்தான். டியூப் வளைவின் வெளிப்புறம், வெல்டிங் ஓரம், குழம்பு வழிந்து மெலிந்த மேல்பகுதி போன்றவைதான் அந்த இருபதில் ஒன்று. பூச்சு முதலில் கிழியும் இடத்தைத்தான் பாய்லர் கணக்கில் வைக்கும், சராசரியை அல்ல. ஆகவே ஆயுளை ஒற்றை எண்ணாகச் சொல்லாமல், தடிமன், வெப்பநிலை, மாறுநிலைச் செறிவு மூன்றையும் அவற்றின் சிதறலோடு சில ஆயிரம் முறை குலுக்கிப் போட்டு வரும் விடைகளின் வீச்சாகச் சொல்வதே முறை.

உண்மையான மாதிரி

சூத்திரம் போதாத இடத்தில் எண்முறைக் கணக்கு வரும். பூச்சையும் அடியிலுள்ள எஃகையும் மெல்லிய துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் எவ்வளவு அலுமினியம் நுழைந்தது, எவ்வளவு வெளியேறியது என்று படிப்படியாகக் கூட்டிக் கழிப்பதுதான் இது. நாசாவில் உருவான கோசிம் என்ற நிரல் இந்த வகை. ஸ்டாக்ஹோமில் பிறந்த டிக்ட்ரா மென்பொருள் ஒரு படி மேலே போய், செறிவுக்குப் பதிலாக, அணுக்களை உண்மையில் நகரத் தூண்டும் வேதியாற்றலை வைத்துக் கணக்குப் போடுகிறது. எஃகில் குரோமியமும் இருப்பதால் இந்த வேறுபாடு முக்கியம். குரோமியத்தின் அருகாமை அலுமினியத்தின் வேதியாற்றலை மாற்றிவிடும். அதனால் அலுமினியச் செறிவு இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்போதே அது நகர வாய்ப்புண்டு. செறிவை மட்டும் பார்க்கும் மாதிரிக்கு இது கண்ணில் படாது.

சொந்தமாக நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நேரடி முறையில் நேரப் படி, துண்டு அகலத்தின் வர்க்கத்தைப் பரவல் கெழுவின் இரு மடங்கால் வகுத்து வருவதைத் தாண்டக் கூடாது. 1 மைக்ரான் துண்டும் 10⁻¹⁷ பரவல் கெழுவும் என்றால் 50,000 வினாடி வரை தாராளம். ஆனால் இரண்டு–ஐந்து அடுக்குக்குள் அலுமினியம் பல மடங்கு வேகமாக ஓடும். அங்கே கெழு 10⁻¹⁴ என்று போட்டால் அனுமதி 50 வினாடிதான். எஃகுக்கு ஏற்ற படியையே முழுக்க வைத்தால், செறிவு மேலும் கீழும் துள்ளி ஓரிரு சுற்றிலேயே எண்கள் வெடித்துவிடும். வெடித்தாலாவது தெரியும். துண்டுகளின் எல்லையில் பாயும் அளவைச் சரியாகச் சமன்செய்யாமல் எழுதிய நிரல் மெல்ல மெல்ல அலுமினியத்தைத் தொலைக்கும். வரைபடம் பார்க்க அழகாகவே இருக்கும். அதனால் ஒவ்வொரு ஆயிரம் படிக்கும் மொத்த அலுமினியத்தைக் கூட்டி, தொடக்கத்தோடு 0.1 சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

மாதிரிக்குள் போட வேண்டிய தொடக்கச் செறிவுக் கோடு நுண்ணோக்கியிலிருந்து வரும். பூச்சிட்ட துண்டை அறுக்கும் முன் அதன்மேல் நிக்கல் முலாம் ஏற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மெருகேற்றும்போது உடையும் தன்மையுள்ள விளிம்பு உதிர்ந்து, 50 மைக்ரான் பூச்சு 42 மைக்ரானாகத் தெரியும். எலக்ட்ரான் கற்றை மாதிரியில் ஒன்று இரண்டு மைக்ரான் அகலத்துக்குப் பரவுவதால், இரண்டு சேர்மங்களுக்கிடையே செங்குத்தாக விழ வேண்டிய எல்லை சரிவாகத் தெரியும். அந்தச் சரிவை உண்மையென்று நம்பி மாதிரியில் போட்டால் பரவல் கெழு மிகையாக வரும்.

வெப்பநிலைதான் மற்றொரு வலி. கட்டுப்பாட்டு அறைத் திரையில் தெரிவது நீராவியின் வெப்பநிலை. சூப்பர்ஹீட்டர் டியூபுகளில் பொருத்திய தெர்மோகப்பிள்கள் பெரும்பாலும் பாய்லரின் மேல்கூட்டில், புகை படாத இடத்தில்தான் இருக்கும். அவை அளப்பதும் நீராவியை ஒட்டிய வெப்பத்தையே. நெருப்பின் எதிரே நிற்கும் பகுதியில் உலோகம் அதைவிடப் பல பத்து டிகிரி கூடுதல். சராசரி வெப்பநிலையைப் போடுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பாதிக் காலம் 675, பாதிக் காலம் 725 என்று ஓடிய டியூபின் சராசரி 700. ஆனால் மேலே சொன்ன செயலூக்க ஆற்றலோடு கணக்கிட்டால், அலுமினியம் 700இல் நிலையாக ஓடியதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் வேகமாகக் கசிந்திருக்கும். சூடான நேரம் கொண்டுபோனதைக் குளிர்ந்த நேரம் திருப்பித் தராது. காலையில் சூரிய மின்சாரம் வந்ததும் இறக்கி, மாலையில் ஏற்றும் நிலையங்களில் இந்தத் திருத்தம் இல்லாமல் கணக்கே போடக்கூடாது.

உயர்வெப்பத்தில் விரைவாகச் சோதித்து, கீழே நீட்டிப் படிப்பதும் அபாயம்தான். இரும்பு 770 டிகிரியில் தன் காந்தத் தன்மையை இழக்கிறது. அதற்குக் கீழே அணுக்கள் நகரும் வேகம், மேலே இருந்து நேர்கோடு இழுத்தால் கிடைப்பதைவிடக் குறைவு. இன்னொரு பக்கம், 650 டிகிரியில் அணுக்கள் படிகத்தின் உட்புறம் வழியாகப் போவதைவிட பி91இன் ஈட்டி போன்ற நுண்தட்டுகளின் விளிம்பு வழியாக எளிதாக ஓடும். இது வேகத்தைக் கூட்டும். ஒன்று இழுக்க, ஒன்று தள்ள, எது வெல்லும் என்பதை 800 டிகிரி சோதனை சொல்லாது. அலுமினா படலமும் அப்படியே. 1,000 டிகிரிக்கு மேல் உருவாகும் ஆல்ஃபா வகை அலுமினாவின் வளர்ச்சி மாறிலியைக் கீழே நீட்டினால், 650–700 டிகிரியில் உண்மையில் உருவாகும் தற்காலிக வகைகளைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

விரிசல், வெற்றிடம், நைட்ரஜன்

பரவல் மாதிரி எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் மூன்று விஷயங்களை அது தானாகப் பார்க்காது.

இரண்டு–ஐந்து சேர்மம் சூட்டில் பி91ஐவிடக் கூடுதலாக விரியும், குளிரும்போது கூடுதலாகச் சுருங்கப் பார்க்கும். எஃகு விடாது. டிகிரிக்கு ஒரு மில்லியனில் 6 பங்கு வேறுபாடு என்று வைத்தால், 600 டிகிரி இறங்கும்போது பூச்சில் 0.36 சதவீத இழுவை. மீள்தன்மைக் குணகம் 200 கிகாபாஸ்கல் என்றால், இரு திசையிலும் சேர்ந்த இழுப்பு 1,000 மெகாபாஸ்கலைத் தொடும். கண்ணாடி போன்ற பொருளால் அதைத் தாங்க முடியாது. முதல் நிறுத்தத்திலேயே மேற்பரப்புக்குச் செங்குத்தாக விரிசல்கள் விழும். விழுவதை வைத்தே பயப்பட வேண்டாம். விரிசல் கீழேயுள்ள இளகிய, அலுமினியம் குறைந்த அடுக்கில் முட்டி நின்றுவிட்டால், அதன் சுவர்களிலும் அலுமினா படிந்து மூடிக்கொள்ளும். எஃகு வரை இறங்கிவிட்டால் நீராவிக்கு நேர்வழி கிடைத்துவிடும். எனவே மாதிரியில் கேட்க வேண்டிய கேள்வி, விரிசல் வருமா என்பதல்ல. அது எந்த அடுக்கில் நிற்கும் என்பதே. தடிமனை ஏற்றினால் ஆயுள் வர்க்கமாகக் கூடும் என்று மேலே சொன்னோம். ஆனால் தடித்த உடையும் அடுக்கில் சேமித்த விசையும் தடிமனோடு கூடும். விரிசல் ஆழமாகப் பாயும். 50ஐ 150 ஆக்கினால் ஒன்பது மடங்கு ஆயுள் என்று கணக்குப் போட்டவர்களுக்கு உரிந்து வந்த பூச்சுதான் மிச்சம்.

வெற்றிடம் என்பது வேறு கதை. அலுமினியமும் இரும்பும் எதிரெதிர்த் திசையில் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. வேகமாகக் கிளம்பியவன் விட்டுச்சென்ற இடம் நிரம்பாமல் நுண்துளைகளாகத் தங்கும். இதுதான் கிர்கெண்டால் விளைவு. துளைகள் ஒரே மட்டத்தில் வரிசையாகச் சேர்ந்தால் தபால்தலையின் ஓட்டை வரிபோல் பூச்சு அந்தக் கோட்டில் பிய்ந்துவரும். எளிய பரவல் நிரல்களில் இந்தத் துளைகள் எங்கும் எழுதப்படவில்லை. இரண்டு தனிமங்களுக்கும் தனித்தனி நகர்திறன் கொடுத்தால்தான் தெரியவரும்.

மூன்றாவதில்தான் பி91இன் உள்முரண் இருக்கிறது. இந்த எஃகின் விவரக்குறிப்பில் அலுமினியம் 0.02 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு உண்டு. காரணம் நைட்ரஜன். 0.03 முதல் 0.07 சதவீதம் நைட்ரஜனைத் திட்டமிட்டுச் சேர்த்திருப்பது, அது வனேடியத்தோடு சேர்ந்து மிக நுண்ணிய துகள்களாகி, சூட்டில் பாரம் தாங்கும்போது எஃகு மெல்ல நீளாமல் பிடித்து நிறுத்துவதற்காக. அலுமினியம் வந்தால் நைட்ரஜனை அது பறித்துக்கொண்டு ஊசி போன்ற அலுமினியம் நைட்ரைடாகிவிடும். உருக்கும்போது இதற்காக அவ்வளவு எச்சரிக்கையாக இருந்துவிட்டு, பின்னால் பூச்சுவழியே அதே அலுமினியத்தை நாமே ஊட்டுகிறோம். ஊசிகள் நிறைந்த பகுதியைப் பாரம் தாங்கும் சுவரில் சேர்க்கக் கூடாது. 6 மில்லிமீட்டர் சுவரில் 200 மைக்ரான் ஆழம் போனால் இழப்பு 3 சதவீதம். மெல்லிய சுவருள்ள டியூபில் அந்த இழப்பு வடிவமைப்பையே தொடும். துரு ஆயுளும் பாரம் தாங்கும் ஆயுளும் ஒரே அலுமினியக் கணக்கில் இரண்டு பக்கமாக எழுதப்பட வேண்டும்.

நெருப்புப் பக்கம்

இதுவரை சொன்னதெல்லாம் நீராவிப் பக்கம். டியூபின் வெளிப்புறத்தில் சாம்பல் படியும் இடத்தில் விளையாட்டின் விதியே மாறுகிறது. நிலக்கரிச் சாம்பலின் சோடியமும் பொட்டாசியமும், கந்தகமும், இரும்பும் சேர்ந்து மூன்று சல்பேட் கொண்ட கூட்டு உப்புகளாகி, ஏறத்தாழ 550 முதல் 700 டிகிரி வரையான சூட்டில் உருகி நிற்கும். உருகிய உப்பு ஆக்சைடைக் கரைத்துவிடும். வெப்பநிலை ஏற ஏற அரிப்பும் ஏறி, உச்சம் தொட்டு, அதன்பின் உப்பு சிதைவதால் இறங்கும். மணி வடிவ வளைவு. ஏறுமுகத்தில் மட்டும் அளந்து நேர்கோடு போட்டவரின் மாதிரி உச்சத்துக்கு அப்பால் முழுக்கப் பொய்யாகும்.

உமி, வைக்கோல் போன்ற எரிபொருளில் குளோரின் வருகிறது. குளோரின் செதிலைத் துளைத்துப் போய் உலோகத்தோடு சேர்ந்து குளோரைடாகி, ஆவியாகி மேலேறி, ஆக்சிஜனைச் சந்தித்ததும் ஆக்சைடாகப் படிந்து, குளோரினை மறுபடி விடுவிக்கும். விடுபட்ட குளோரின் மீண்டும் கீழே போகும். குளோரின் தீர்ந்துபோவதே இல்லை. இங்கே எது முக்கியம் என்பதற்கு, குளோரைடின் ஆவியழுத்தம் வளிமண்டலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை எட்டும் வெப்பநிலையைப் பார்த்தால் போதும். இரும்பு இருகுளோரைடுக்கு 536 டிகிரி. நிக்கலுக்கு 607. குரோமியத்துக்கு 741. அலுமினியத்துக்கோ வெறும் 76. அலுமினா படலம் முழுமையாக இருக்கும்வரை சரி. ஓட்டை விழுந்தால், நீராவிப் பக்கத்தில் நம்மைக் காத்த அதே அலுமினியம் இங்கே முதலில் கிளம்பிப் போகும். பரவல் மாதிரி இங்கே உதவாது, ஆவியாதலையும் வாயுவின் கலவையையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப இயக்கவியல் மாதிரி வேண்டும்.

மாதிரியைச் சோதிப்பது

ஒரே துண்டில் எண்களைப் பொருத்திவிட்டு, அதே துண்டைக் காட்டி மாதிரி சரி என்று சொல்வது பரவலான ஏமாற்று. 1,000 மணித் துண்டில் கெழுக்களைப் பொருத்தினால், 3,000 மற்றும் 10,000 மணித் துண்டுகளை முன்கூட்டிச் சொல்லட்டும். வெப்பநிலையும் குறைந்தது இரண்டு வேண்டும், அவற்றில் ஒன்று பயன்பாட்டு வெப்பநிலைக்கு அருகில்.

துண்டை அறுத்ததும் பெரும்பாலோர் பார்ப்பது மேற்பரப்பு அலுமினியச் செறிவையும் பூச்சின் தடிமனையும்தான். அதைவிடப் பயனுள்ள ஓர் அளவு உண்டு. செறிவுக் கோட்டை மேற்பரப்பிலிருந்து அலுமினியம் தீரும் ஆழம்வரை எடுத்து, ஒவ்வொரு இடத்தின் அடர்த்தியோடு பெருக்கி, கோட்டின் கீழுள்ள பரப்பைக் கூட்ட வேண்டும். தொடக்கத்தில் அது சதுர சென்டிமீட்டருக்கு 11.5 மில்லிகிராம். 10,000 மணிக்குப் பின்னும் 11 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால், கோடு எவ்வளவு தாழ்ந்து பரந்திருந்தாலும் கசிவு முழுக்க உள்நோக்கியே நடந்திருக்கிறது. பரவல் மாதிரியை நம்பி அடுத்த துண்டை 30,000 மணிக்கு எடுக்கலாம். அதுவே 8 மில்லிகிராம் என்று வந்தால், 3.5 மில்லிகிராம் வெளியே போயிருக்கிறது. அத்தனையும் அலுமினா ஆகியிருந்தால் செதில் 16 மைக்ரானுக்கு மேல் இருக்க வேண்டும். துண்டில் ஒரு மைக்ரான்தான் இருக்கிறது என்றால் பூச்சு உரிந்திருக்கிறது, அல்லது சாம்பல் தேய்த்திருக்கிறது. அப்போது பரவல் கெழுவைத் திருத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதே வரிசையில் உள்ள பக்கத்து டியூபின் வெளிவளைவை அறுத்துப் பார்க்க வேண்டும்.